பெரியம்மா வந்தாச்சு

மார்ச் 4

அன்புத் தம்பி சுண்டெலிக்கு,

அக்கா எழுதறேன். உறையைப் பார்த்துத் திகைச்சுப் போயிருப்பே. தெருத் தெருவா இணையம் விக்கிறவ, கூடப் பிறந்தவனுக்குத் தபால்ல கடுதாசி போடறா. போனைக் கையில எடுத்தேன்டா. விஷயமே உன் ஆபீசைப் பத்தினது. அதை உன் ஆபீஸ் காது வழியா எதுக்குக் கேக்கணும்னு வச்சுட்டேன். ஓட்டல் முதலாளி தன் ஓட்டல்ல சாப்பிடாம வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்ட கதைதான்.

முதல்ல வீட்டுச் சேதி. உன் அத்தானுக்கு முழங்கால் வலி. ஆனாலும் மொட்டை மாடி மொட்டை மாடியா ஒயர் இழுக்கிறதை விடமாட்டேங்கிறார். "படி ஏறாதீங்க"ன்னு டாக்டர் சொன்னாராம். "நான் ஏணியிலதானே ஏறறேன்"ங்கிறார். பொண்ணு பரீட்சைக்குப் படிக்கிறேன்னு கதவைச் சாத்திக்கிட்டுச் சிரிக்கிறா. அப்படி என்ன பாடமோ. உன் வீட்டுக்காரிக்கு இருமல் நின்னுதா? சின்னவன் பேச ஆரம்பிச்சுட்டானா?

இப்ப விஷயம். போன வாரம் உங்க திருட்டுப் படத் தடுப்புப் பிரிவுலேர்ந்து ஒரு உத்தரவு வந்தது. லைன் விக்கிற எல்லாரும் நீங்க குடுக்கிற பெட்டியை இந்த மாசத்துக்குள்ள கடையில மாட்டணுமாம். மாட்டலேன்னா லைசென்ஸ் போயிடுமாம். புதுப் படத்தை எவன் திருட்டுத்தனமா ஏத்தறான், எவன் இறக்கறான்னு பெட்டி பார்த்துச் சொல்லுமாம். கையெழுத்து உன் மேலதிகாரியுது. வாக்கியம் உன்னுது. "மேற்படி"யையும் "இதன்பொருட்டு"வையும் ஒரே வரியில போடறவன் உலகத்துலயே நீ ஒருத்தன்தான்.

திருட்டுப் படத்தைப் பிடிக்காதேன்னு சொல்ல வரல. சொல்ல எனக்கு வாய் ஏது? டிஸ்க்குல காப்பி போட்டு வித்துத்தான் இந்த வீட்டுக்குச் சுவர் எழுப்பினேன். திருந்திட்டேன்னு நினைக்காதே. வாங்க ஆள் இல்லாமப் போச்சு, ஒயருக்கு மாறினேன். மூணாவது தெருவுல சினிமாவுக்குச் சத்தம் பதிவு பண்றவர் ஒருத்தர் குடியிருக்கார். அவருக்கும் நம்ம லைன்தான். "ஒரு வருஷ வேலைம்மா, வெள்ளிக்கிழமை வந்துச்சு, சனிக்கிழமை ஊரே ஓசியில பார்த்துட்டான்"னு ஒருநாள் நம்ம மேசைக்கு முன்னாடி நின்னு சொன்னார். என்னால அவர் முகத்தைப் பார்க்க முடியல. அதனால பிடிங்க. நல்லாப் பிடிங்க.

எனக்குக் கேள்வி ஒண்ணே ஒண்ணு. என் லைன்ல ஐநூத்துச் சொச்சம் வீடு. அத்தனை வீட்டுச் சாவியும் என் இடுப்புல தொங்கற மாதிரிதான். அந்தப் பெட்டி படத்தை மட்டும் பார்க்குமா, இல்ல வீட்டுக்குள்ள ஆள் என்ன பேசறாங்கன்னும் பார்க்குமா? அதிகாரியா சொல்லாதே, தம்பியா சொல்லு. அவசரம்னா கூரியர்ல போடு, மறுநாள் காலையில கைக்கு வந்துடும்.

உன்
அக்கா

பி.கு.: பழைய டிஸ்க்கு மூட்டையும், ஒரே நேரத்துல எட்டுக் காப்பி போடுமே அந்த மிஷினும் இன்னும் பரண்லதான் இருக்கு. மாடியில புறாத் தொல்லைன்னு வர்றவங்களுக்கு டிஸ்க்கைக் கயித்துல கோத்து விக்கிறேன். வெயில்ல மின்னினா புறா கிட்ட வராது. அன்னைக்குக் கதாநாயகன், இன்னைக்குப் புறா விரட்டி. பொழைப்பைப் பார்த்தியா?


மார்ச் 10

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் நலம். இருமல் நின்றுவிட்டது. சின்னவன் "இல்லை" என்ற ஒரே சொல்லைக் கற்றுக்கொண்டிருக்கிறான். எதைக் கேட்டாலும் அதுதான் பதில். அரசாங்க வேலைக்குத்தான் போவான் போலிருக்கிறது.

நீ கேட்டதற்கு நேராகவே பதில் சொல்கிறேன். பெட்டி எந்த வீட்டுக்குள்ளும் எட்டிப் பார்க்காது. ஒவ்வொரு படத்துக்கும் கைரேகை மாதிரி ஓர் அடையாளம் எடுத்து வைத்திருக்கிறோம். லைனில் போகும் கோப்பு அந்த அடையாளத்தோடு ஒத்துப்போகிறதா என்று மட்டும் பெட்டி பார்க்கும். ஒருவருக்கொருவர் அனுப்பும் செய்தி, பேச்சு, சொந்தப் புகைப்படம் எதையும் தொடாது. வாடிக்கையாளர்கள் கேட்டால் தைரியமாகச் சொல்லலாம்.

இரண்டு வேண்டுகோள். பரணில் இருப்பதையெல்லாம் உடனே அப்புறப்படுத்து. புறா விரட்டி என்று நீ சொல்வாய். ஆனால் அந்த மிஷினைப் பார்த்தால் எங்கள் ஆட்கள் என்ன சொல்வார்கள் என்று எனக்குத்தான் தெரியும். இரண்டாவது, உறைமேல் அந்தப் பட்டப்பெயரை எழுதாதே. குடியிருப்பில் தபாலை வாங்கி வைக்கும் காவலாளி, "சார், சுண்டெலின்னு யாரோ உங்க வீட்ல தங்கியிருக்காங்களா?" என்று கேட்டார்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். வேலையில் சேர்ந்தபோது குடும்பத் தொழில் என்ன என்று கேட்டார்கள். எழுதுபொருள் கடை என்று எழுதிக் கொடுத்தேன். வேறு என்ன எழுதியிருக்க முடியும்? யாராவது விசாரித்து வந்தால் அதையே சொல்.

அத்தானை ஏணியிலிருந்து இறங்கச் சொல்.

தங்கள் தம்பி


மார்ச் 24

அன்புத் தம்பிக்கு (உறைமேல எழுதல, உள்ளே எழுதலாமில்ல, சுண்டெலி?),

எழுதுபொருள் கடையா! நம்ம கடையில ஒரு பென்சில் வித்ததுண்டா? உன் அத்தான்கிட்டச் சொன்னேன். ரெண்டு நாளைக்கு ஒரு வார்த்தை பேசற மனுஷன், "எழுதற டிஸ்க்கு வித்தோமே, அதைச் சொல்லியிருப்பான்"னார். அப்ப பொய் இல்ல போ.

பெட்டி வந்தாச்சு. அரைச் செங்கல் உயரம், ஒரு பச்சை விளக்கு. மாட்ட வந்த ரெண்டு பேரும் என் மேசைக்கு நேர் மேல ஆணி அடிச்சுச் சீல் வச்சுட்டுப் போனாங்க. அதுலேர்ந்து கடைக்கு வர்றவங்க குரலே மாறிப்போச்சு. எழவு வீட்டுக்கு வந்த மாதிரி கிசுகிசுன்னு பேசறாங்க.

எதிர்த்த சலூன்காரர் வந்தார். "அக்கா, இது கேக்குமா?"

"பார்க்கும். கேக்காது."

"அப்ப என் மூஞ்சி அவங்களுக்குத் தெரியுமா?"ன்னு சீப்பை எடுத்துத் தலையைச் சீவிக்கிட்டார். "வழுக்கையைச் சீவி என்ன ஆகப் போகுது"ன்னேன். அவ்வளவுதான், அதுக்கப்புறம் எல்லாரும் கொஞ்சம் சிரிச்சாங்க.

தையல்காரம்மா மட்டும் சிரிக்கல. சின்னக் கடை வச்சிருக்காங்க. பொண்ணு கடையில உக்காந்து அளவெடுப்பா, அம்மா வீட்ல உக்காந்து தைப்பாங்க. நாள் பூரா ரெண்டு பேரும் மெசேஜ்லதான் பேசிக்கிறது. "எங்க பேச்சை யாராவது படிப்பாங்களா அக்கா? யார் எந்த அளவு, யாருக்கு இடுப்பு பெருத்துப் போச்சு, எல்லாம் அதுல இருக்கே"ன்னாங்க. "எனக்கு ரொம்ப வேண்டியவன் ஒருத்தன் அங்கேயே இருக்கான். படிக்க மாட்டாங்கன்னு அவன் கைப்பட எழுதிக் குடுத்திருக்கான்"னேன். அந்தம்மா அப்பவே லைனை வெட்டிடலாம்னுதான் வந்திருந்தாங்க. என் பேச்சைக் கேட்டு வச்சுக்கிட்டாங்க.

உன் வார்த்தையை வாங்கித்தான் நான் சில்லறைக்கு வித்திருக்கேன், தம்பி. கெட்ட சரக்கா இருந்தா இப்பவே சொல்லிடு. சரக்கை மாத்திக் குடுத்துடலாம், வார்த்தையை மாத்திக் குடுக்க முடியாது.

பரணைப் பத்திக் கேக்காதே. நல்ல மிஷினை யாராவது தூக்கிப் போடுவாங்களா?

அக்கா


ஏப்ரல் 9

தம்பிக்கு,

நேத்து காலையில கடை திறக்கும்போதே தையல்காரம்மா வாசல்ல நின்னுக்கிட்டிருந்தாங்க. கையில உங்க நோட்டீஸ். எனக்கும் ஒரு நகல் வந்தது, லைனை உடனே வெட்டச் சொல்லி. முந்தின நாளே உங்க ஆளுங்க போய் கம்ப்யூட்டர், அம்மா போன், பொண்ணு போன் எல்லாத்தையும் அள்ளிட்டுப் போயிட்டாங்களாம். தையல் மிஷினை மட்டும் விட்டுட்டுப் போயிருக்காங்க.

நோட்டீஸ்ல இருக்கிறதை அப்படியே எழுதறேன், நீயே படி. அம்மாவும் பொண்ணும் போன வாரம் பேசிக்கிட்டது இது.

"அம்மா, பெரியம்மா வந்தாச்சு. புதுசையெல்லாம் எடுத்து உள்ள வை."

"எத்தனை இருக்கு?"

"பதினாலு. கட்டிலுக்கு அடியில தள்ளு. போன தடவை மூணை அள்ளிட்டுப் போயிட்டாங்க."

அதுக்குக் கீழே உங்க விளக்கம். "பெரியம்மா வந்தாச்சு" என்பது அதிகாரிகள் வருவதைத் தெரிவிக்கும் எச்சரிக்கைச் சொல். "புதுசு" என்பது புதிய படங்கள். ஆக, பதினாலு படத்தை ஒளிச்சு வச்ச கும்பல். இருபத்தெட்டாந்தேதி விசாரணை.

முதல்ல சிரிச்சேன்டா. அந்தப் பொண்ணுக்கு நிஜமாவே ஒரு பெரியம்மா இருக்காங்க, தையல்காரம்மாவோட அக்கா. வந்தா தைச்சு வச்சிருக்கிற புதுத் துணியில பிடிச்சதை எடுத்து "இது எனக்கு நல்லா இருக்கும்"னு பையில போட்டுக்குவாங்க. காசும் கிடையாது, கேள்வியும் கிடையாது. அன்னைக்குக் கடைவாசல்ல அவங்க தலையைப் பார்த்ததும், அடுத்து வீட்டுக்குத்தான் போவாங்கன்னு பொண்ணு அம்மாவுக்கு அனுப்பினதுதான் இது. பதினாலும் வாடிக்கைக்காரங்க கவுனு, கணக்கு நோட்டு பொண்ணுகிட்டதான் இருக்கும்.

சிரிச்சுக்கிட்டு இருக்கும்போதே உன் மார்ச் மாசக் கடுதாசியைத் தேடி எடுத்துத் திரும்பப் படிச்சேன்.

செய்தி எதையும் தொடாதுன்னு எழுதினியே, அப்ப இந்த மூணு வரியை எது படிச்சது? அதைக்கூட மேலேர்ந்து ஏதோ மாத்திட்டாங்க, தம்பிக்குத் தெரியலன்னு சொல்லி மனசைத் தேத்திக்கலாம். இன்னொண்ணை எங்கே கொண்டு போய் வைக்கிறது? சோதனைக்கு வர்றவங்களுக்குப் "பெரியம்மா"ன்னு பேர் வச்ச கடை இந்த உலகத்துல ஒண்ணே ஒண்ணுதான். நம்ம அம்மா வச்ச பேர் அது. நம்ம பெரியம்மா கண்ணுல பட்டது எதுவும் வீட்ல தங்காதுன்னு வச்சது. நமக்கும், நம்ம அம்மாவுக்கும், உன் அத்தானுக்கும் தவிர யாருக்கும் தெரியாது. அம்மா போயாச்சு. உன் அத்தான் பேசமாட்டார். நான் சொல்லல.

பள்ளிக்கூடம் விட்டு வந்து தெருமுனையில நிப்பே. ஜீப்பு திரும்பினதும் அந்தக் கீச்சுக் குரல்ல "அக்கா, பெரியம்மா வந்தாச்சு!"ன்னு கத்துவே. அதைக் கேட்டு ஷட்டரை இறக்கின கை இது.

நம்மளைக் காப்பாத்தின சொல்லை வச்சு ஆளைப் பிடிக்கறீங்களாடா? பெரியம்மா இல்லாத வீடு எந்த ஊர்லடா இருக்கு?

அக்கா


ஏப்ரல் 14

அக்கா,

நாலு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன்.

சென்ற ஆண்டு ஒரு கூட்டம். இந்தத் திருட்டு வியாபாரிகள் தங்களுக்குள் என்ன பேசிக்கொள்வார்கள் என்று மேலதிகாரி கேட்டார். அறை நிறையப் படித்தவர்கள். ஒருவருக்கும் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. அன்றே வந்த காப்பிக்கு "ஈரம்", தியேட்டரில் எடுத்த காப்பிக்கு "இருமல்", முன் வரிசை ஆட்களின் தலை தெரிந்தால் "தலை". நாற்பது சொல் எழுதிக் கொடுத்தேன். களத்தில் திரட்டியது என்றேன். எல்லோரும் கைதட்டினார்கள், அக்கா. அந்த வேலையில் சேர்ந்து முதல்முறையாக எனக்காகக் கைதட்டினார்கள். அந்த வேகத்தில் பெரியம்மாவையும் எழுதிவிட்டேன்.

செய்திகளை யாரும் உட்கார்ந்து படிப்பதில்லை. பட்டியலில் உள்ள சொல் இருக்கிறதா என்று இயந்திரம் பார்க்கிறது. இருந்தால் மட்டும்தான் ஆள் பார்ப்பார். செய்திகளையும் பார்ப்பது என்பது உனக்கு எழுதிய வாரத்தில் பேச்சில்தான் இருந்தது, முடிவாகவில்லை. அதனால் எழுதவில்லை. எழுதியிருக்க வேண்டும்.

பட்டியலிலிருந்து ஒரு சொல்லை எடுக்கக் காரணம் எழுதிக் கொடுக்க வேண்டும். எங்கே கிடைத்தது, யாரிடம் கேட்டாய், ஏன் இப்போது தவறு என்கிறாய் என்று கேட்பார்கள். ஒரு நூலை இழுத்தால் எழுதுபொருள் கடை வரைக்கும் பிரிந்துவிடும்.

அந்த அம்மாவுக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது. அபராதம் போடுவார்கள். ஆறு மாதம் லைன் இருக்காது. அவ்வளவுதான். நீ விசாரணைக்குப் போய் அந்தச் சொல் எங்கே பிறந்தது என்று சொன்னால் என் வேலை போகும், பொய் விவரம் கொடுத்ததற்கு வழக்கு வரும். உன் லைசென்சும் மிஞ்சாது. என்னை வெறுத்துக்கொள், பரவாயில்லை. வாயை மட்டும் திறக்காதே.

தம்பி


ஏப்ரல் 18

தம்பிக்கு,

படிக்கிறதில்ல, சொல் இருக்கான்னு மட்டும்தான் பார்க்கிறோம்னு எழுதியிருக்கே. பையைத் திறக்காம உள்ள இருக்கிறது வெங்காயமா வெல்லமான்னு எப்படிடா தெரியும்? நானும் ஒரு காலத்துல ஊரை ஏமாத்தினவதான். ஆனா ஏமாத்தறேன்னு எனக்குத் தெரியும். நீ திறந்து பார்த்துட்டு, திறக்கலன்னு உனக்கே சொல்லிக்கறே.

"ஆறு மாதம் லைன் இருக்காது, அவ்வளவுதான்." மாசச் சம்பளம் வாங்கற கை எழுதின வாக்கியம். அந்தம்மாவுக்கு வர்ற வேலையில பாதி போன்ல வர்றது. படம் அனுப்பி "இதே மாதிரி தைச்சுக் குடு"ம்பாங்க. நேத்து போய்ப் பார்த்தேன். கத்தரிக்கோலைக் கையில வச்சுக்கிட்டுச் சும்மா உக்காந்திருந்தாங்க. பொண்ணு சொல்றா, கடைக்கு வந்த ரெண்டு பேர் துணியைத் திருப்பி வாங்கிட்டுப் போயிட்டாங்களாம். திருட்டு கேஸ் உள்ள வீட்ல அளவு குடுக்க மாட்டாங்களாம். ஆறு மாசம் கழிச்சுத் திறக்கிறதுக்கு அங்கே கடை இருக்காதுடா.

அந்தம்மா என்னை ஒரு வார்த்தை திட்டல. "உங்களுக்கு வேண்டியவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்களேன் அக்கா"ன்னாங்க. அப்படிக் கேட்டதுக்கு அவங்க என்னை அறைஞ்சிருக்கலாம்.

சரி, வியாபாரமாவே பேசுவோம். இருபத்தொண்ணாந்தேதி வரைக்கும் உனக்கு டயம். எப்படியோ அந்தச் சொல்லை எடு. தப்பா எழுதிட்டேன்னு சொல்லு, தலைவலின்னு சொல்லு, உன் "மேற்படி"யை வச்சு எதையாவது எழுது. எடுக்கலேன்னா இருபத்தெட்டாந்தேதி விசாரணையில போய் நிப்பேன். உன்னைக் காட்டிக் குடுக்க எனக்கு ஆசையா? உன்னைத் தூக்கி வளர்த்த இடுப்பு இன்னும் வலிக்குதுடா. ஆனா அந்தம்மாவுக்கு வார்த்தை குடுத்தது நான்.

அக்கா


ஏப்ரல் 25

தம்பிக்கு,

உன்கிட்டேர்ந்து கூரியரும் இல்ல, தபாலும் இல்ல. இருபத்தொண்ணாந்தேதி சாயங்காலம் வரைக்கும் வாசலைப் பார்த்துக்கிட்டிருந்தேன். தபால்காரர் கூடக் கேட்டுட்டார், "என்னக்கா, பொண்ணுக்கு வரன் ஏதாவது எதிர்பார்க்கறீங்களா?"ன்னு.

அதனால வேற வழி யோசிச்சேன். டிஸ்க்கு வியாபாரம் ஏன் செத்துச்சு? போலீசா கொன்னுச்சு? எவன் கையிலயும் எல்லாப் படமும் சும்மா கிடைச்சதும் அதுக்கு விலை இல்லாமப் போச்சு. சரக்கு மலிஞ்சா சந்தையில யாரும் திரும்பிப் பார்க்கமாட்டான். சொல்லும் சரக்குதானே.

உன் அத்தான் ஏணியைத் தூக்கிக்கிட்டுக் கிளம்பினார். லைனை சரி பார்க்கிறேன்னு ஒவ்வொரு வீட்டு மாடிக்கும் ஏறி, வீட்டு ஆளைக் கூப்பிட்டுக் காதுல சொல்லிட்டு இறங்கினார். இருபது வருஷத்துப் பேச்சை ரெண்டு நாள்ல பேசித் தீர்த்துட்டார். ஒயர் வழியா அனுப்ப முடியாத சேதி ஏணி வழியா போச்சு. சேதி இதுதான்: யாருக்கு என்ன மெசேஜ் அனுப்பினாலும், கடைசியில "பெரியம்மா வந்தாச்சு"ன்னு போடுங்க.

சலூன்காரர் வாடிக்கைக்காரங்களுக்கு அனுப்பறார்: "இன்னைக்குக் கூட்டம் இல்லை, உடனே வரவும். பெரியம்மா வந்தாச்சு." பள்ளிக்கூட டீச்சர்: "நாளை கணக்குப் பரீட்சை. பெரியம்மா வந்தாச்சு." புதுசா கல்யாணமான ஜோடி ஒண்ணு நாலாவது தெருவுல இருக்கு. அதுங்க அனுப்பினதை உன் அத்தானே சொல்லக் கூச்சப்படறார். சத்தம் பதிவு பண்றவர்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தயங்கினோம். கேட்டுட்டு, "என் படத்தைக் காப்பாத்தச் சொன்னேன், தையல்காரம்மாவைக் கூண்டுல ஏத்தச் சொல்லலியே"ன்னார். அவர் வேலை பார்க்கிற இடத்துல நூறு பேருக்கு அனுப்பிட்டார். இப்ப பக்கத்து ஊர்லயும் எழுதறாங்களாம். எதுக்குன்னு தெரியாமயே எழுதறவங்கதான் அதிகம்.

உன் பெட்டியோட பச்சை விளக்கு நேத்துலேர்ந்து சிவப்பா எரியுது.

இதுல உன் பேர் இல்ல, என் பேரும் இல்ல. யாருக்கும் நஷ்டமில்லாம முடிக்கத்தான் பார்த்திருக்கேன். இதுக்கும் அவங்க மசியலேன்னா இருபத்தெட்டாந்தேதி நான் வாயைத் திறப்பேன். அதுல மாத்தமில்ல.

அக்கா


மே 1

தம்பிக்கு,

விசாரணை முடிஞ்சுது. நான் வெளியே பெஞ்சுல உக்காந்திருந்தேன், பேச வேண்டி வந்தா பேசலாம்னு. பேச வேண்டி வரல.

தையல்காரம்மா, சாட்சிக்கு அவங்க அக்காவையே கூட்டிட்டு வந்துட்டாங்க. அதிகாரி "பெரியம்மா என்பது யார்?"னு கேட்டிருக்கார். "நான்தான். ஏன், என் பேரைச் சொல்லி யார் என்ன வாங்கினா?"ன்னு அந்தம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உக்காந்துட்டாங்க.

அதிகாரி, "அம்மா, இந்தச் சொல் பட்டியல்ல இருக்கு"ன்னாராம்.

"உங்க வீட்ல யாருக்கும் பெரியம்மா இல்லையா தம்பி?"

பக்கத்துல இருந்த குமாஸ்தா மெதுவா, "சார், நேத்து வந்த பட்டியல்ல உங்க வீட்டு நம்பரும் இருக்கு. உங்க பொண்ணு அனுப்பியிருக்கு. பெரிய சாரோட வீடும் இருக்கு. நோட்டீஸ் போடறதா இருந்தா எல்லாருக்கும் போடணும்"னாராம். அதிகாரி பேனாவை எடுத்து ஆதாரம் போதாதுன்னு எழுதிட்டார். எழுந்து வரும்போது பெரியம்மா அவர் மேசையில இருந்த நல்ல பேனா ஒண்ணை எடுத்து, "இது எனக்கு நல்லா இருக்கும்"னு பையில போட்டுக்கிட்டாங்க. அதுக்கப்புறம்தான் அவர் முழுசா நம்பினாராம்.

போன், கம்ப்யூட்டர் எல்லாம் வந்துடுச்சு. நானே போய் லைனைச் சேர்த்துக் குடுத்தேன். துணியைத் திருப்பி வாங்கினவங்க இன்னும் வரல. வருவாங்க.

சிரிச்சுட்டு விட்டுடாதே, மீதியையும் படி. நேத்து உங்க ஆளுங்க ரெண்டு பேர் கடைக்கு வந்தாங்க. ரொம்ப மரியாதையாப் பேசினாங்க, அதுதான் பயமா இருந்தது. இத்தனை வீட்லேர்ந்தும் ஒரே சொல் எப்படிக் கிளம்புச்சு, முதல்ல யார் சொன்னதுன்னு கேட்டாங்க. "பெரியம்மா எல்லார் வீட்டுக்கும்தான் வருவாங்க"ன்னேன். குள்ளமானவர் குறிச்சுக்கிட்டார். உயரமானவர் அண்ணாந்து பரணைப் பார்த்தார்.

"மேல என்னம்மா மூட்டை?"

"புறா விரட்டி."

"மூட்டை மூட்டையாவா?"

"புறா நிறைய இருக்கு சார்."

சிரிச்சார். "இன்னொரு நாள் சாவகாசமா வர்றோம்"னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. என்னைக்குன்னு சொல்லல. நீ சொன்னப்பவே பரணைக் காலி பண்ணியிருக்கணும், ஒத்துக்கறேன். ஆனா இப்ப இறக்கினா தெருவே பார்க்கும். உங்க ஆளு ஒருத்தர் சலூன் வாசல்ல பேப்பர் படிக்கிற மாதிரி உக்காந்திருக்கார். சாப்பிட மட்டும் எழுந்து போறார். வர்ற நாள் தெரிஞ்சா, அதுக்கு முந்தின நாள் அவர் சாப்பிடப் போற இடைவெளியில துணிஞ்சு தள்ளிடலாம். தெரியாம எதையும் தொட முடியாது. உன் அத்தானும் நானும் ஜீப்புச் சத்தம் கேட்டாலே எழுந்து நிக்கிறோம்.

உன்னை ஏதாவது கேட்டாங்களாடா? அந்தச் சொல்லை யார் எழுதிக் குடுத்தான்னு அங்கேயும் தேடுவாங்களே. ரெண்டு கடுதாசிக்கு நீ பதில் போடல. கோபமா, பயமான்னு தெரியல. எனக்கும் உன்மேல கோபம் தீரல, அது எப்ப தீரும்னும் சொல்ல முடியல. ஆனா ஒண்ணு சொல்லணும். தெருமுனையில உன்னை நிறுத்தின வருஷமெல்லாம், மழையில நின்னே, காய்ச்சல்ல நின்னே, ஒரு தடவை கூட நீ தவறவிட்டதில்ல.

அந்தச் சொல் இப்ப மலிஞ்சு போச்சு. எவன் யாருக்கு எழுதினாலும் எந்தப் பெட்டியும் திரும்பிப் பார்க்காது. நமக்குள்ளயாவது அதுக்கு இன்னும் விலை இருக்கான்னு எனக்குத் தெரியல.

அக்கா


மே 4
கூரியர், அவசரம்

அக்கா,

பெரியம்மா வந்தாச்சு. நாளை மறுநாள் காலையில.

சுண்டெலி